வாசலில் கொஞ்சம் குளிர வேண்டும்

போன வாரம் ஒரு காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தபோது தொலைபேசி ஒலித்தது. மங்கையின் மகள் சாரதா. "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, தூக்கத்திலேயே, வலி ஏதும் இல்லாமல் என்றாள். ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அடுப்பை அணைத்தேன்.

மங்கையர்க்கரசியை இந்த ஊர்த் தமிழர்களான உங்களில் பலர் கணக்கு ஆசிரியையாக அறிவீர்கள். உங்கள் பிள்ளைகளில் சிலர் இன்னும் அவள் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரக்கூடும். எனக்கு அவள் ஓடுகிறவள். ('அவர்' என்று எழுதித்தான் பார்த்தேன். அப்படி எழுதினால் வேறு யாரோ வந்து நிற்கிறார்கள்.) எழுபதுகளின் மெல்பேர்னில், அதுவும் குளிர்காலத்தில், தெருவில் இறங்கி ஓடிய வேறொரு தமிழ்ப் பெண்ணை நான் கண்டதில்லை.

முதலில் பார்த்தது கிளேட்டனில். என் கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தார். குளிர்கால ஜூலையின் ஒரு காலை. புடவை, அதன் மேல் இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் ஓவர்கோட், தலையைச் சுற்றி மப்ளர் என்று பேருந்துக்கு நின்றிருந்தேன். எதிரே ஒல்லியான ஒருத்தி ஓடி வந்தாள். ஆண்கள் போடும் வெள்ளைக் கிரிக்கெட் ஸ்வெட்டர், கால்சட்டை, இரண்டு கைகளிலும் கம்பளிக் காலுறை. என்னைக் கண்டதும் நின்றாள்.

"நீங்கள் தமிழோ?"

"ஆமா. நீங்க சிலோனா?"

"ஓம். யாழ்ப்பாணம்." என் பார்வை போன இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கையுறை போட்டால் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக் குளிருது. இதுக்குள்ளை அஞ்சும் ஒண்டாய் இருக்குது."

பேருந்து வருவதற்குள் என் முகவரியை வாங்கிக்கொண்டுவிட்டாள்.

ஏன் ஓடுகிறாள் என்று பிறகொரு நாள் கேட்டேன். மெல்பேர்னில் அவளுடைய முதல் குளிர்காலத்தில் இன்னும் வேலை கிடைக்கவில்லையாம். கணவர் சிவநேசன் வேலைக்குப் போனபின் வீட்டில் ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மத்தியானமானால் காரணமில்லாமல் அழுகை வரும். சாப்பாடு இறங்காது. மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் மட்டும்தான் வந்தது. "ஒருநாள் வீட்டுக்குள்ளை இருக்கவே ஏலாமப் போச்சு. கதவைத் திறந்து ஓடினன். எங்கை போறன் எண்டும் தெரியாது. திரும்பி வரேக்கை பசிச்சது. அண்டைக்குத்தான் பசிச்சது."

எனக்கும் அப்போது அப்படியொரு ஹீட்டர் இருந்தது. அவள் அதைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வந்து வாசலில் நின்றாள்.

என் கணவரின் கால்சட்டையை மாட்டி, வீட்டில் இருந்த கம்பளியையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் உடம்பெல்லாம் வேர்த்து ஈரமாகிவிட்டது. மூச்சு வாங்க நின்றேன். காற்று அடித்தது. பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. மங்கை கேலி செய்யவில்லை. "வெளிக்கிடேக்கை வாசலிலை கொஞ்சம் குளிர வேணும், வசந்தா. அதிலேயே சுகமா இருந்தால் உடுப்புக் கூடிப்போச்சு" என்றாள். அவள் அணிவது மூன்றே: உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி, அதன் மேல் ஸ்வெட்டர், இடுப்பில் சுற்றிய நைலான் மழைச்சட்டை. காற்று வந்தால் அது மேலே ஏறும். பருத்தி மட்டும் கூடாது. "பருத்தி எங்கடை ஊருக்கு நல்லது. இஞ்சை நனைஞ்சுதெண்டால் ஐஸ்."

டண்டினொங் மலைக்கு நாங்கள் போனது அடுத்த ஆண்டு ஆகஸ்டில். உள்ளூர்த் தேவாலயம் ஒன்று நிதிக்காக ஓட்டம் வைத்திருந்தது. வெயிலோடுதான் தொடங்கியது. பாதி மலை ஏறியபோது மழையும் ஆலங்கட்டியும் சேர்ந்து இறங்கின. எல்லோருக்கும் கடைசியாக வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவில், பாதையோரம், பெரிய உடம்புக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பனியனும் அரைக்கால்சட்டையும் தோலோடு ஒட்டியிருந்தன. என்ன ஆயிற்று என்று மங்கை கேட்டாள். பெயர் கெவின் என்றார். பிறகு, மாட்டைப் பிடித்துக் கட்டவேண்டும் என்றார். அங்கே மாடு எதுவும் இல்லை.

"இவ்வளவு குளிரிலை இந்தாள் நடுங்கேல்லை, பாத்தீரோ?" என்று மங்கை தாழ்ந்த குரலில் சொன்னாள். "அதுதான் பயம். நீர் கீழை ஓடும். ரோட்டிலை ஆரையாவது மறியும்."

"நானா? நான் எப்படி?"

"நீர்தான். நான் இவரைப் பாக்கிறன்."

ஓடினேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லை. விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். சாலையில் வந்த லாரியை இரண்டு கையையும் விரித்து மறித்தேன். அதிலிருந்த வனத்துறை ஆட்கள் இருவர் போர்வையோடு என்னுடன் மலையேறினார்கள்.

போனபோது கெவின் ஒரு பெரிய மரத்தின் மறைவில், பெரணிச் செடிகளின் இலைகளைப் பரப்பி அதன்மேல் உட்கார வைக்கப்பட்டிருந்தார். நனைந்த பனியன் கிளையில் தொங்கியது. மங்கை போட்டு வந்த சிவநேசனின் ஸ்வெட்டர் அவர் நெஞ்சில் பிதுங்கிக்கொண்டிருந்தது. கைகளில் மங்கையின் காலுறைகள். அவளோ மெல்லிய கம்பளிக்கு மேல் மழைச்சட்டையுடன், அவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, பதின்மூன்றாம் வாய்பாடு கேட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்கு மேல் பள்ளியில் படித்ததில்லை என்று அவர் முனகினார். இப்போது படிக்கலாம் என்றாள். அவர் தூங்காமலிருக்கத்தான் அது. பதின்மூன்று ஏழு என்ன என்று அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோது பல் அடிக்கத் தொடங்கியது. மங்கையின் முகம் அப்போதுதான் தளர்ந்தது. "நடுங்குறார்" என்றாள் என்னிடம், நல்ல செய்தி சொல்வதுபோல.

அவர் பிழைத்தார். சில வாரங்கள் கழித்து மனைவியோடு வீடு தேடி வந்தார். அந்த அம்மாள் நன்றியோடு ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்திருந்தார். அது குழந்தைச் சட்டையளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. மங்கை சிரித்த சிரிப்பில் எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

வெளியில் எல்லோரும் சிரிக்கவில்லை. அப்போது இங்கே தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். செய்தி சுற்றிவர வெகுநேரம் ஆகாது. ஒரு பிறந்தநாள் வீட்டில், சாப்பாட்டு வரிசையில் வைத்து, பெரியவர் ஒருவர் கேட்டார்: "பிள்ளை, ஆரோ வெள்ளைக்காரன்ரை சட்டையைக் கழட்டினீராம் எண்டு கதைக்கினம்."

கரண்டிகள் நின்றன. சிவநேசன் தட்டோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓம் அங்கிள்" என்றாள் மங்கை. "நனைஞ்ச சட்டை."

பிறகு அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. 

அதற்கப்புறம் பல குளிர்காலங்கள் சேர்ந்து ஓடினோம். முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்தபின் நடந்தோம். கடைசி இரண்டு வருடம் அவளால் அதுவும் முடியவில்லை. நான் தனியாகப் போய்வந்து, தெருவில் என்ன பூத்திருக்கிறது என்று தொலைபேசியில் சொல்வேன்.

தனியாகப் போகத் தொடங்கிய அந்த நாட்களில் ஒன்று புரிந்தது. கிளேட்டனின் தெருக்களில் வலப்பக்கமிருந்து காற்றடித்தால் மங்கை என் வலப்பக்கம் ஓடுவாள். மூலை திரும்பிக் காற்று மாறினால், பேச்சை நிறுத்தாமலே, காற்று வரும் பக்கம் வந்துவிடுவாள். என்னைவிடச் சிறிய உடம்பு. அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவளுடைய வார்த்தைகளை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். எனக்கு அவள் பக்கம் மாறி ஓடியது போதும். இறுதிச் சடங்கன்று மயானத்தில் இடப்பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. சாரதா மெல்லிய கறுப்புச் சேலையில் நின்றிருந்தாள். நான் போய் அவளுடைய இடப்பக்கம் நின்றுகொண்டேன்.