இண்டைக்கும் காசுதானா?

பரீதா டீச்சர் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி எனக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. அஸர் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை அறிவித்தபோதும் நான் நம்பவில்லை. அன்று காலையில்தான் அவர் குடையை மடக்கிக்கொண்டு புத்தளம் பஸ்ஸில் ஏறியதைக் கண்டிருந்தேன்.

மீதியை முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் மைய்யத்து வீட்டு வாசலில் அழுதபடி சொன்னார். திரும்பி வரும் வழியில், நிழலே இல்லாத பஸ் தரிப்பிடத்தில், உச்சி வெயிலில் டீச்சர் நின்றிருக்கிறார். பஸ் எங்கோ பழுதாகி நின்றுவிட்டது. "ஏறுங்க டீச்சர், வெயில் கொளுத்துதெண்டு சொன்னன். பஸ் வரும், நீங்க போங்க தம்பி எண்டாங்க. நான் சுத்தி வரேக்க நிலத்துல கிடந்தாங்க." அதே வண்டியில்தான் அவரை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலைக் கண்டபோது உயிர் இல்லை.

பிடிவாதத்தால் போய்விட்டார் என்று எங்கள் ஊரான குறிஞ்சிப்பிட்டியில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்தத் தரிப்பிடத்துக்கு ஏன் ஒரு கூரை இல்லை என்று பேசியவர் ஒருவரையும் நான் காணவில்லை.

அவரை நன்றாக அறிந்தவர்கள் இருக்க, அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. நான் பூகோளம் கற்பித்து ஓய்வுபெற்றவன். அவர் அதே பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தார். ஊர்க் கூட்டங்களில் அவர் முன்னால் நின்று பேசுவார். நான் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன்.

அவருடைய கோரிக்கை ஒன்றுதான்: இந்தக் கரையோரப் பாதையில் ஓடும் பஸ்ஸில் யாரிடமும் காசு வாங்கக் கூடாது. காசில்லாமல் ஏறலாம் என்றால் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் வீட்டில் நிற்கும், கடலை ஏறவைக்கும் புகை குறையும் என்பார். வருடாவருடம் மாணவர்களோடு கடற்கரையை வரைந்தவன் நான். வரைபடத்தில் நாங்கள் குறித்த தென்னை வரிசை இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது. ஆகவே கடல் ஏறுவதில் எனக்குச் சந்தேகமில்லை. பஸ்ஸில்தான் சந்தேகம்.

"டீச்சர், இந்த ஒரு ரோட்டுப் புகைய நிப்பாட்டினாக் கடல் திரும்பிப் போகுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போகாது மாஸ்டர். அதுக்காக நாமளே அதுக்கு எண்ணெ ஊத்திக் குடுக்கணுமா?"

அவருக்கு இந்த எண்ணம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது அவர் பாவாடை கட்டிய சிறுமி. வள்ளத்தில் ஏற்றிக் கற்பிட்டிக் கரையில் இறக்கியவர்கள் அவருடைய வாப்பாவிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. "ஏத்தினாங்க, இறக்கினாங்க, அடுத்த ஆக்கள ஏத்தப் போயிட்டாங்க. போக்குவரத்து எண்டா அதுதான் மாஸ்டர்" என்பார். வேறொன்றும் சொல்வார்: "அடுத்த முறை எங்கள விரட்டப் போறது கடல்."

பஸ் முதலாளியான ஹாஜியாரை அவர் சம்மதிக்க வைத்தது எனக்கு இன்னும் வியப்பு. ஒரேயொரு நாள், போக்குவரத்து அதிகாரிகள் பார்க்க வரும் நாளில், பஸ்ஸை இலவசமாக ஓட்டுவதென்று முடிவாயிற்று. பஸ் நிறைந்து வந்தால் மேலிடத்துக்குச் சிபாரிசு செய்வதாக அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள்.

அன்று பஸ் வெறுமையாக வந்தது.

நாங்கள் யாரும் எதிர்பாராத தவறு அது. இலவசம் என்றதும் ஊரார் அதை ஸதகா என்று எடுத்துக்கொண்டார்கள். வசதியுள்ளவர்கள், ஏழைகளின் பங்கை நாம் எடுக்கக் கூடாதென்று ஒதுங்கினார்கள். ஏழைகளோ நாலு பேர் பார்க்கத் தருமத்தில் ஏறுவதா என்று வெட்கப்பட்டு நின்றார்கள். "அல்லாஹ் தந்த கை கால் ஈக்குது டீச்சர். ஸதகா பஸ்ஸில ஏறுற நிலம இன்னும் வரல்ல" என்று ஒருவர் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனார். பஸ்ஸுக்குப் பின்னால் முச்சக்கரவண்டிகள் ஊர்வலம் போல வந்தன. அதிகாரிகள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். கோரிக்கை அதோடு முடிந்தது.

ஹாஜியார் சிரித்தார். "பாத்தீங்களா டீச்சர்? சும்மா குடுத்தா ஆருக்கும் வேணாம்."

"ஹாஜியார், பள்ளி ஹவுள்ல கை கால் கழுவி வுளூ எடுக்கேக்க நீங்க காசு குடுக்கிறீங்களா?"

"அஸ்தஃபிருல்லாஹ். அது பள்ளித் தொட்டித் தண்ணி."

"அப்ப நீங்க ஏழையா?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உங்களோட கதைச்சு வெல்லேலாது" என்றார். வென்றது யார் என்பதைத்தான் பஸ் காட்டிவிட்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்த வெறும் பஸ்ஸிலேயே திரும்பினோம். இறங்கும் இடத்தில் டீச்சர், "ஹவுளக் கட்டின அண்டைக்கும் இப்பிடித்தான் வெக்கப்பட்டிருப்பாங்களோ?" என்று கேட்டார். 

அதற்குப் பிறகு கூட்டங்கள் நின்றுபோயின. அவர் செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறை பஸ்ஸில் ஏறும்போதும் எல்லாருக்கும் கேட்கும்படி, "தம்பி, இண்டைக்கும் காசுதானா?" என்பார். கொண்டக்டர் ரமீஸும், "ஓம் டீச்சர், இண்டைக்கும்தான்" என்பார். பஸ் சிரிக்கும். டீச்சரும் சிரித்துக்கொண்டே காசைக் கொடுப்பார். அந்தச் சிரிப்பு எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் யன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

ஜனாஸா அன்று காலை ஹாஜியார் தன் பஸ்ஸை அனுப்பினார். யாரிடமும் காசு வாங்கவில்லை. மதுரங்குளியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் ஆட்கள் மிதிபலகை வரை தொங்கிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரர், மீன்காரர், காணிக்காரர், மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போன அந்த மனிதர் எல்லாரும் ஒன்றாக இறங்கினார்கள். ஒருவருக்கும் அது ஸதகாவாகத் தோன்றவில்லை. டீச்சர் பார்க்க ஆசைப்பட்ட பஸ், அவரை அடக்கம் செய்ய வந்தது.

மறுநாள் ஒரு வேலையாகப் புத்தளத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஏறியதும் ரமீஸ் கையை நீட்டினார்.

"நேத்து மட்டுந்தான் மாஸ்டர்" என்றார், மெதுவாக. அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

டீச்சரின் கெட்டித்தனமோ துணிச்சலோ என்னிடம் இல்லை. இந்த வயதில் இனி வரப்போவதுமில்லை. அவருடைய வாதம் சரிதானா என்றுகூட என்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருடைய கேள்வி மட்டும் அந்தப் பஸ்ஸில் ஆளில்லாமல் நின்றது. அதை எடுத்துக்கொண்டேன்.

"இண்டைக்கும் காசுதானா, தம்பி?"

யாரும் சிரிக்கவில்லை. ரமீஸ் நான் நீட்டிய காசை வாங்காமல் பஸ்ஸின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பின்னுக்குக் கேக்கல்ல மாஸ்டர்" என்றார். "டீச்சர் மாதிரிச் சத்தமாக் கேளுங்க."