இரண்டாவது லேனில் திறந்திருந்த கேட்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதக் காலை. தெற்குக் கொல்கத்தாவில் ஏரியில் துடுப்புப் படகுப் போட்டி. பெண்களுக்கான ஒற்றை ஆள் படகுப் பந்தயத்தில், ‘சிங்கிள் ஸ்கல்’ என்பார்கள், நான் மூன்றாவது லேனில் இருந்தேன். ஜெயித்ததும் நான்தான். அந்தக் கோப்பை இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிடுவேன்.

நாங்கள் தமிழ்க் குடும்பம், ஆனால் நான் பிறந்து வளர்ந்தது கொல்கத்தாவில், கிடர்பூரில். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. கல்லூரியில் சேர்ந்த வருடம் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் படகு கிளப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் மூன்று மாதம் ஏரித் தண்ணீரைக் குடித்ததுதான் மிச்சம். துடுப்பு சரியில்லை, படகு ஒரு பக்கமாக இழுக்கிறது என்று தினமும் ஒரு புகார் சொல்வேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

ஓரளவு தேறியதும் எனக்கு ஒரு ஜோடி கிடைத்தாள். வங்காளிப் பெண், என் வயதுதான். அப்பா கிடையாது. அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்துக் குடும்பத்தை நடத்தினார். இரண்டு பேர் ஓட்டும் படகில் நானும் அவளும் இரண்டு வருடம் ஒன்றாக ஓட்டினோம். இந்தப் படகுகளில் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எனக்கு இடம் எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால். அவளால் என்னைப் பார்க்க முடியாது. அவள் தோள், பின்னல், இரண்டு பக்கத் துடுப்பு எல்லாம் என் கண் முன்னால் இருக்கும்.

துடுப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படகின் இரு பக்கமும் இரும்புக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் துடுப்பை வைத்து, மேலே ஒரு சின்னக் கம்பியை மூடி, நட்டைத் திருகி இறுக்க வேண்டும். அதைக் ‘கேட்’ என்போம். இறுக்க மறந்தால் கம்பி மெல்லத் திறந்துகொள்ளும். வேகமாகப் போகும்போது துடுப்பு எகிறி வெளியே வந்துவிடும். அப்புறம் படகு கவிழ வேண்டியதுதான், அதன் அகலமே ஒரு முழம் தேறாது.

என் ஜோடிக்கு அந்த மறதி உண்டு. கம்பியை மூடுவாள், நட்டைத் திருக மாட்டாள். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கிளம்பும் முன் அவள் திரும்பாமலே, “நட்?” என்று கேட்பாள். நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இறுக்காமல் இருந்தால் முதுகில் ஒரு தட்டு தட்டுவேன். சரியாக இருந்தால், “ஹோயே கேச்சே,” ஆயிற்று என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் துடுப்பைத் தண்ணீரில் வைப்பாள். இரண்டு வருடம் இது நடந்தது. அவளுக்குத் தானாகப் பார்த்துக்கொள்ளும் பழக்கமே வராமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

மூன்றாவது வருடம் மாநில அணிக்கு ஒற்றை ஆள் படகில் ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்போம் என்றார்கள். அந்த டிசம்பர் பந்தயத்தில் ஜெயிக்கிறவள் போவாள். மாநில அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். அவள் வீட்டில் அந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். எனக்கும் அது வேண்டும்தான். ஆனால் எனக்கு வேண்டும் என்பதும் அவளுக்கு வேண்டும் என்பதும் ஒன்றல்ல, அது எனக்கு அன்றே தெரியும்.

நான்கு படகுகள் வரிசையில் நின்றன. அவள் எனக்கு அடுத்த லேனில், இரண்டில். மற்ற இருவரும் எங்களுக்குப் போட்டியே இல்லை. பனி லேசாக விலகியிருந்தது. நான் கையை உதறிக்கொண்டே பக்கத்தில் பார்த்தேன். அவளுடைய இடது பக்கக் கேட் திறந்திருந்தது. கம்பி தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

எங்கள் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தயாராக இல்லை என்றால் கையைத் தூக்க வேண்டும். கை இறங்கும் வரை ஸ்டார்ட்டர் கொடியை அசைக்க மாட்டார். நான் கையைத் தூக்கியிருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “நட்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு விநாடியில் அவள் இறுக்கியிருப்பாள்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது பார்த்துக்கொள்வாள், இதோ பார்த்துக்கொள்வாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். கொடி இறங்கியது.

முதல் முந்நூறு மீட்டர் ஒன்றும் ஆகவில்லை. அவள் என்னைவிட வேகம். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால் நமக்கு முன்னால் போகிறவர்கள் கண்ணில் பட மாட்டார்கள், சத்தம்தான் கேட்கும். அவளுடைய துடுப்புச் சத்தம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கேட் தாங்கிவிடும், அவள் ஜெயிப்பாள், நான் செய்ததற்கு ஒரு கணக்கும் இருக்காது என்று நினைத்தேன்.

பிறகு இரும்பில் மரம் மோதின மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் என் மேல் தெறித்தது. அடுத்த இழுப்பில் அவள் படகு கவிழ்ந்தபடி என் பக்கத்தில் பின்னால் போனது. அதற்கடுத்த இழுப்பில் அவள் தலை தண்ணீருக்கு மேலே வந்தது.

ஓட்டப் பந்தயத்தில் விழுந்தவளை விட்டுவிட்டு ஓடினால் திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம். இங்கே அப்படி முடியாது. மீதி இருநூறு மீட்டரும் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணில் ஒட்டிய முடியை விலக்கிக்கொண்டு, அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதுகாப்புப் படகு அவளிடம் போய்ச் சேர்வதைப் பார்த்தேன். ஒரு இழுப்புகூட நான் குறைக்கவில்லை.

கரைக்கு வந்ததும் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி அவளே என்னைத் தேடி வந்தாள். தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு வங்காளத்தில் சொன்னாள்: “என் தப்புதான். நீ பின்னாடி உட்கார்ந்திருக்கற நெனப்புலயே இருந்துட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். அப்பா சுபாவத்தில் அமைதியானவர். அன்று மட்டும் ஒரு பெட்டி ரசகுல்லாவை என் கையில் கொடுத்து, “ஏட்டி, மாடி வீட்டு மாஷிமாவுக்கு முதல்ல குடுத்துட்டு வா, அந்தம்மா உனக்காக வேண்டிக்கிட்டு இருந்தாக,” என்றார். மாநில அணியில் இடம் கிடைத்தது, அடுத்த வருடம் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவள் அடுத்த சீசனுக்கு வரவில்லை. ஒரு புடவைக் கடையில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

போன வருடம் துர்கா பூஜைக்கு முன்பு மெட்ரோ ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் கூப்பிட்டாள். கடையில் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டதாகச் சொன்னாள், வருத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் அவள் கணவர். அவரிடம் என்னைக் காட்டி, “இவதான். இவ பின்னாடி இருந்தா நான் எதையும் பார்க்கவே வேண்டாம்,” என்றாள். அவர் எனக்குக் கும்பிடு போட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ரயில் வந்துவிட்டது என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் ரயில் வர இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. பலகையில் போட்டிருந்தது. அந்த நான்கு நிமிடமும் நாங்கள் பூஜைக் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வேலையை விட்டுவிடுவதா, அவளிடம் போய் நிற்பதா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இத்தனை வருடம் கழித்துச் சொல்லி அவள் நிம்மதியையும் கெடுக்க வேண்டுமா என்று ஒரு நியாயம் கைவசம் வைத்திருக்கிறேன். அது அவளுக்காகச் சொல்லும் நியாயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தமிழைவிட வங்காளம்தான் நன்றாக எழுத வரும். அம்மா சொல்லிக்கொடுத்த தமிழை வைத்துக்கொண்டு நான்கு நாளாக அடித்துத் திருத்தி இதை எழுதினேன். அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதியிருக்கிறேன்.