அம்மா கழுவிய பாசித் தொட்டி

நெய்வேலியில் நானும் அம்மாவும் ஒரே உயிரை நம்பித்தான் பிழைத்தோம். அம்மா அதைக் கொல்லும், நான் வளர்ப்பேன். இரண்டுமே கான்ட்ராக்ட் வேலை.

அம்மாவுக்கு குவார்ட்டர்ஸ் மாடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவும் வேலை. குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து விடிவதற்குள் பஸ் பிடித்து வந்து, பிளாக் பிளாக்காக ஏறி, தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடருமாகப் பாசியைத் தேய்த்து எடுக்கும். ஒருமுறை அந்தப் பாசியிலேயே வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது. எங்கள் ஊர்க் குட்டை பச்சையாகத் திரண்டு நாறிய ஒரு கோடையில், அந்தத் தண்ணீரைக் குடித்த எங்கள் ஆடு நுரை தள்ளிச் செத்தது. அதற்கப்புறம் பாசியோடு அம்மாவுக்குச் சமாதானப் பேச்சே கிடையாது.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன். அதோடு நிற்காமல் தாவரவியலில் எம்.எஸ்சி.யும் முடித்தேன். அந்தப் பெருமையின் பலனாக, அனல்மின் நிலையத்தை ஒட்டி நடந்த ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் ஆனேன். புகைபோக்கிப் புகையில் கொஞ்சத்தைக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரில் விட்டு, அதிலுள்ள கரியமில வாயுவைத் தின்னக் கொடுத்துப் பாசி வளர்ப்பதுதான் திட்டம். வேர் வேண்டாம், இலை வேண்டாம், பூ வேண்டாம். வெயிலும் புகையும் இருந்தால் போதும். நெய்வேலியில் இரண்டுக்கும் பஞ்சமா?

திட்டத் தலைவர் திருநெல்வேலிக்காரர். சார் பேசக் கேட்டால் பாசிக்குத் தெரியாத வேலையே இல்லை. மாட்டுக்குத் தீவனம், வயலுக்கு உரம், பிள்ளைகளுக்குச் சத்து மாத்திரை, வண்டிக்கு எண்ணெய். ஆட்டைக் கொன்ற விஷப்பாசி என்ன சார் என்று கேட்டேன். "அது தூரத்துச் சொந்தம்ல. எந்தக் குடும்பத்துல இல்ல?" என்றார். எல்லாம் தெரிந்த பாசிக்கு என் கான்ட்ராக்ட்டை நீட்டிக்க மட்டும் தெரியவில்லை. அதற்கு டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து தொட்டியைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும்.

வீட்டில் சொல்லாமல் இல்லை. பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம் என்று பெருமையாகவே சொன்னேன். "நல்லா செய்ங்கடா சாமி. எத்தினி பேரு இடுப்ப ஒடச்சிக்கினு கெடக்கறாங்க" என்றது அம்மா. புரிந்துகொண்டது என்றே நினைத்தேன்.

அதிகாரி வரப்போகிறார் என்றதும் டவுன்ஷிப் தன் வழக்கத்தைத் தொடங்கியது. மரங்களுக்கு இடுப்பு வரை வெள்ளை அடித்தார்கள். ரோட்டின் இரண்டு ஓரமும் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பெரிய மனிதர் போகும் வழியில் எதுவும் இயற்கையாக இருந்துவிடக் கூடாது.

அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது, முதல்நாள் கரும்பச்சையாக இருந்த தொட்டியில் அடித்தரை தெரிந்தது. பிளீச்சிங் வாடை மூக்கைப் பிடுங்கியது. ஓரமாகப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா நின்றிருந்தது.

"வந்துட்டியா? பாத்தியா, கண்ணாடி மாதிரி கெடக்குது!"

"பாசி எங்கம்மா?"

"சாக்கடையில. விசிட்டுக்கு இந்தத் தொட்டியையும் கழுவணும்னு மேஸ்திரி வேற ஆள அனுப்பப் பாத்தாரு. எம்புள்ள இருக்கற எடம், நானே கழுவறேன்னு கேட்டு வாங்கிக்கினு வந்தேன். இம்மாம் பாசி புடிக்க வுட்டுட்டு என்னாடா ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கீங்க? பெரிய ஆளு பாத்தா காறித் துப்ப மாட்டாரு?"

பாசியை ஒழிக்க நான் மருந்து கண்டுபிடிக்கிறேன் என்றுதான் அம்மா அத்தனை நாளும் நம்பியிருந்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் புத்தியுள்ள நம்பிக்கை. அதை வளர்ப்பதற்கு ஒருத்தன் எம்.எஸ்சி. படிப்பானா?

சார் வந்தார். தொட்டியைப் பார்த்தார். அப்புறம் அம்மாவின் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார்.

"யாரு செஞ்ச வேலை இது?"

அம்மா பெயரைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மேஸ்திரி கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார். என் வேலை எப்படியும் போய்விட்டது; ஒரே வீட்டில் இரண்டு போக வேண்டாம்.

"நான்தான் சார் கழுவச் சொன்னேன். விசிட்டுக்காக."

"ஏலே, நீயெல்லாம் எம்.எஸ்சி.யா?"

"ஆமாங்க, பஸ்ட் கிளாசுங்க" என்றது அம்மா.

சார் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் கார் வந்து நின்றது. அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடுதான் இறங்கினார். தொட்டியை எட்டிப் பார்த்தவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். அறுவடை இப்போதுதான் முடிந்தது என்று சார் ஆங்கிலத்தில் கூசாமல் சொல்லி, போன மாதம் உலர்த்தி வைத்த பாசிப் பொடியைப் பாட்டிலோடு நீட்டினார். அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. பாசித் தொட்டிகள் எத்தனையோ பார்த்திருக்கிறாராம், இவ்வளவு சுத்தமாக எங்கேயும் பார்த்ததில்லையாம். தலையாட்டிவிட்டு டிபனுக்குப் போனார்.

திட்டம் நீண்டது. கூடவே நானும் நீண்டேன். ஆய்வக ஜன்னலோரக் குடுவையில் தப்பிக் கிடந்த கொஞ்சம் பச்சையை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்த முறை அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினேன். புகை, தீவனம், எண்ணெய், ஒன்றுவிடாமல். முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா. நான் கழுவலன்னா உன் வேல இருந்திருக்குமா?" என்றது.

தொட்டி மறுபடி பச்சையேறிய பிறகு ஒருநாள், வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் அம்மா வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தது.

"நல்லாதான் புடிச்சிக்கினு கெடக்குது. கவலப்படாத. அடுத்த விசிட்டு எப்பன்னு மட்டும் சொல்லு."