மாத்திரை டப்பாவும் என் சிறுநீரகமும்

என் வீட்டுக்காரர் உடம்பில் வேலை செய்வது என் சிறுநீரகம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கல்யாண வீடோ பஸ் ஸ்டாப்போ, யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி மேனேஜராக இருந்தவர் அவர். ஆழ்துளைக் கிணறு போட வடநாட்டுக்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். பக்கத்தில் டாக்டர் கிடைக்க மாட்டார் என்று வண்டியிலேயே ஒரு மாத்திரை டப்பா இருக்கும். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இவர்தான் வைத்தியர். ஆபரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டார், டப்பாவை விடவில்லை.

இரண்டாம் வருடப் பரிசோதனையில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. சர்க்கரை வந்தால் சிறுநீரகமும் அல்லவா கெட்டுப்போகும்?

"வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார். சந்தேகப்பட்டு அன்று காலையிலேயே பையில் போட்டு வந்திருந்த டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். பாதிக்கு மேல் ஆன்டிபயாடிக்.

"சளிக்கு ரெண்டு போட்டா நின்னு போகுதுங்க" என்றார் இவர்.

டாக்டர் கோபப்படவில்லை. வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளே சர்க்கரையை ஏற்றக்கூடியவை என்றார். ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி போட்டால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளும் சாகும். அதனாலும் சர்க்கரை வருமோ என்று ஆராய்கிறார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "ஆனா காய்ச்சல் வந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாம வாங்க. தேவைன்னா நானே எழுதித் தருவேன்."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, உடம்பு உங்களுது. உள்ள இருக்கற கிட்னி என்னுது. அதை வெச்சு வைத்தியம் பழகாதீங்க."

ஆவணியில் காய்ச்சல் வந்தது. "ஏம்புள்ள, டாக்டருக்குப் போன் போடு" என்று அவரே சொன்னார். சிறுநீரில் கிருமி. எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை நாள் தவறாமல் போட்டு முடித்தார். நடையையும் சோற்றின் அளவையும் நான் பார்த்துக்கொண்டேன். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது.

போன வாரம் ரிக்கிலிருந்து பழைய ஆள் ஒருவர் போன் செய்தார். காய்ச்சலாம், எந்த மாத்திரை போடலாம் என்று கேட்டார். நான் தோசை சுட்டபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னையக் கேக்காதப்பா, டாக்டரைப் போய்ப் பாரு. வைத்தியம் பாக்கறேன்னு எம்பொண்டாட்டி குடுத்த கிட்னியவே கெடுக்கப் பாத்தவன் நானு."

கிட்னி கொடுத்த அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது. அதை நானே தின்றேன்.