என் மாணவி கேட்ட தீர்த்தம்

ஒன்பதாவது வயதில் நான் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன். என் மாணவிக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சீமையில் படித்த வெள்ளைக்கார டாக்டர். சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு பெருமை கிடையாது என்று அப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இப்போதும் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

முறைப்படி பார்த்தால் வாத்தியார் என் அப்பாதான். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர். பெண்களுக்கென்று ஊரில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அதற்கு வந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அப்பா ஒத்துக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் டாக்டரம்மா ஜட்கா வண்டியில் வந்து இறங்குவார். வாசற்கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் ரேழியில் பாடம். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்று வந்தது. ரேழியைத் தாண்டி அந்த நாற்காலியும் உள்ளே வந்ததில்லை, அதில் உட்கார்ந்தவரும் வந்ததில்லை. அதற்கு அத்தை காவல். அப்பாவின் தமக்கை அவள். ஆசாரத்தில் பெருமாளுக்கே இரண்டு திருத்தம் சொல்லக்கூடியவள்.

அப்பா சொல்லிக்கொடுத்தது இலக்கணத் தமிழ். எழுவாய், பயனிலை எல்லாம் பிசகாது. ஒருநாள் டாக்டரம்மா ஜட்காக்கார சாயபுவைப் பார்த்து, "வண்டி ஓட்டுபவரே, என்னை விரைவில் இல்லம் சேர்ப்பீராக" என்றார். சாயபு தலைப்பாகையை எடுத்துவிட்டு ஒரு சலாம் போட்டு, "அம்மா இன்னா சொல்றாங்க, சாமி?" என்று அப்பாவிடம் கேட்டார். இந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒரு கத்தரிக்காய்கூட வாங்க முடியாது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா சந்தியாவந்தனத்துக்கு எழுந்து உள்ளே போகும் அரை மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. நல்ல வாத்தியாருக்கு நியமனம் எதற்கு?

எங்கள் வீட்டுப் பேச்சை அப்படியே சொல்லிக்கொடுத்தேன். நாங்கள் சமையல் என்று சொல்ல மாட்டோம், தளிகை. ரசம் என்பது சாத்தமுது. குளிப்பது தீர்த்தமாடுவது. குடிக்கிற தண்ணீர் தீர்த்தம். தயிர்க்காரியும் வண்ணாத்தியும் 'தண்ணி' என்று சொல்வதைத் தினமும் கேட்டவள்தான் நான். பாவம், அவர்களுக்குச் சரியாகப் பேச வரவில்லை என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா கற்பூரம். ஒரு மாதத்தில், "என்ன வாத்தியாரே, தீர்த்தமாடியாச்சா? தளிகை என்ன?" என்று கேட்டுக்கொண்டே வண்டியிலிருந்து இறங்குவார். மதராஸிலிருந்து வந்த அவருடைய சமையற்காரனிடம், "தளிகை ஆச்சா?" என்று கேட்டிருக்கிறார். அவன் ஓடிப்போய்த் தலகாணி கொண்டுவந்தானாம். அதைச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அத்தை வந்து எட்டிப் பார்த்தாள்.

நம் ஊர் வெயிலோடு அவர் பட்ட பாட்டையும் நான்தான் மேற்பார்வை பார்த்தேன். முதலில் சூரியன் விழுந்த பிறகும் தொப்பியைக் கழற்றாமல் இருந்தார். அதை விடச் சொன்னேன். காலணிக்குள் காலை விடுமுன் கவிழ்த்துத் தட்டச் சொன்னேன். மூன்றாம் நாளே ஒரு தேள் விழுந்து என் மதிப்பை உயர்த்தியது. பல்லி சொன்னால் பலன் உண்டு, பயப்படக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அம்மை போட்டது மாதிரி முகமெல்லாம் வேர்க்குரு வந்தபோது நுங்கு தடவச் சொன்னதும் நானே. இதெல்லாம் பெரிய டாக்டர் படிப்பில் இல்லை போலிருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, தீர்த்தம் குடிப்பது. அம்மா அவருக்காகக் காய்ச்சி ஆறவைத்துத் தருவாள். ரேழி மாடத்தில் அவருக்கென்று ஒரு பித்தளை டம்ளர் உண்டு. அத்தை எட்ட நின்று அதில் ஊற்றுவாள். டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். குடித்தபின் டம்ளர் மாடத்திலேயே இருக்கும், உள்ளே வராது. டாக்டரம்மா தூக்கி ஊற்றினால் பாதி மூக்கில் போகும், பாதி சட்டையில் போகும், இருமல் மட்டும் தொண்டைக்குப் போகும். "இன்னும் கொஞ்சம் மேலே, வாயை நன்னாத் திறங்கோ" என்று நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு நல்ல மாணவிக்கு ஒரே ஒரு குறை. மூன்று மாதமாக அவருடைய ஆஸ்பத்திரிக்கு ஓர் உயிர்கூட வரவில்லை. வெள்ளைக்காரி கத்தி வைப்பாள் என்று ஊரில் பேச்சு. பிரசவ வீடுகளில் அவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மழைக்காலத்துக்குள் யாரும் வராவிட்டால் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். அப்பாவிடம் ஒருநாள், "எவரும் வருகிலர்" என்றார். இலக்கணம் சரியாக இருந்தது. அப்பா பாராட்டவில்லை, புத்தகத்தை மூடிவைத்தார். என் மாணவியை வேறு ஊருக்கு அனுப்ப இவர்கள் யார்?

பாடம் முடிந்ததும் ஜட்காவில் தெருக்கோடி வரை போய் இறங்கிக்கொள்வது என் வழக்கம். அதுதான் எனக்குச் சம்பளம். அக்கினி நட்சத்திர நாளில் ஒருநாள், தெருக்கோடியில் நான் இறங்குவதற்குள் ஓர் ஆள் ஓடிவந்து குதிரையின் முன்னால் நின்றான். கை இரண்டும் முழங்கை வரை சாயச் சிவப்பு. பிள்ளையார்பாளையத்து நெசவாளி.

"பொம்பள டாக்டரு இவங்கதானா? எம் பொண்டாட்டி பெத்து நாலு நாளாவுது. ஜொரம் கொளுத்துதுங்க. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. வாங்கம்மா!"

டாக்டரம்மாவுக்கு அவன் சொன்னதில் பாதி புரிந்திருக்குமோ என்னவோ. "போ! போ!" என்று சாயபுவின் முதுகில் தட்டினார். அவனும் முன்னால் ஏறிக்கொண்டான். அந்த அவசரத்தில் என்னை இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

பிள்ளையார்பாளையத்துக்குள் வண்டி நுழைந்ததும் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு தடக் தடக்கென்று தெரு முழுக்க ஒரே நடையாகக் கேட்டது. டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குள் போனார். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிரசவத் தீட்டு உள்ள வீடு, அதுவும் அயல்தெரு வீடு. உள்ளே கால் வைத்தால் அத்தை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே பேச்சு நன்றாகக் கேட்டது. அந்தப் பெண்ணின் மாமியார் குரல்தான் பெரியது. "பச்ச ஒடம்புக்காரிம்மா! ஒரு வாய் தண்ணி குடுக்கலியே, பாத்துப் பாத்து பத்தியமாத்தான் வெச்சிருக்கேன். அப்பிடியும் ஜொரம் வந்துக்கினு இருக்குது." பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி காணும் என்று எல்லா வீட்டிலும் நம்பிய காலம் அது. அந்த வெயிலில் நாலு நாளாகக் கஷாயச் சொட்டைத் தவிர அவள் நாக்கு நனையவில்லை.

அப்புறம் என் மாணவியின் குரல் கேட்டது. தெளிவாக, கணீரென்று, நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில் ஒரு பிழையில்லாமல் சொன்னார்: "இவளுக்கு உடனே தீர்த்தம் கொடுங்கோ!"

நான் பூரித்துப் போனேன். உள்ளே மாமியார் வீறிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண் மார்பில் அடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். எதிர்வீட்டுத் தறி நின்றது. அடுத்த வீட்டுத் தறி நின்றது. சாவு விழுந்தால் அந்தத் தெருவில் தறி ஓட்ட மாட்டார்கள். ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் தெருவே வாயடைத்துவிட்டது. எனக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது.

"என்ன ஆச்சு, சாயபு?" என்றேன்.

சாயபு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முடிஞ்சுபோச்சு, பாப்பா. டாக்டரம்மாவே தீர்த்தம் ஊத்தச் சொல்லிட்டாங்களாம்."

முந்தின வருஷம் பெரியப்பா போகும்போது, எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, அவர் வாயில் துளசி தீர்த்தம் விடச் சொன்னார்கள். நானும் ஒரு கரண்டி விட்டேன். கடைவாயில் வழிந்தது. அது ஞாபகம் வந்த கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாகிறவளுக்குக் கொடுக்கிற தீர்த்தத்தை அல்லவா இவர்கள் கொடுக்கிறார்கள்! சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் பெண் செத்தால் நான்தான் கொன்றேன் என்று ஆகும். தீட்டும் அத்தையும் எங்கே போனார்களோ, வண்டியிலிருந்து குதித்து உள்ளே ஓடினேன்.

தறிமேடையைத் தாண்டி உள்ளறையில் பாயில் கிடந்தாள் அந்தப் பெண். உதடெல்லாம் வெடித்திருந்தது. மாமியார் அழுதுகொண்டே ஒரு சின்னக் கரண்டியால் மூன்று சொட்டு அவள் வாயில் விட்டாள். டாக்டரம்மா பொறுமையிழந்து, "போறாது! நிறைய தீர்த்தம்! வாய் நிறைய!" என்று கத்தினார். அவர் கத்தக் கத்த அழுகை கூடியது. கணவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். பாயில் கிடந்தவள் கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்து, "நான் சாவலியே... நான் சாவலியே..." என்று முனகினாள்.

"தண்ணி!" என்று நான் அலறினேன். "டாக்டரம்மா தண்ணி கேக்கறா! எங்காத்துல தண்ணிக்குத்தான் தீர்த்தம்னு பேரு! அவ சாகமாட்டா, தண்ணி குடுங்கோ!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் கரண்டியைப் பார்த்தாள், டாக்டரம்மாவைப் பார்த்தாள். "தண்ணியா?" என்றாள். "தண்ணிய தண்ணின்னு சொல்றதுக்கு இன்னாம்மா கேடு?"

நடந்தது பிழையென்றாலும் அதில் ஒரு நன்மை இருந்தது. சாதாரணமாகக் கேட்டிருந்தால் அந்த மாமியார் ஒரு சொட்டு கொடுத்திருக்க மாட்டாள். இப்போதோ மருமகளை ஒரு தடவை பறிகொடுத்து அழுதாயிற்று. "சாவுக்கே ஊத்திட்டேன், பொழைக்க ஊத்தமாட்டனா" என்று எழுந்து போய், அண்டாவில் காய்ந்து ஆறியிருந்த வெந்நீரைச் செம்பு நிறைய மொண்டு வந்தாள். டாக்டரம்மா அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். மருந்து கொடுத்தார். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளுக்கு நெற்றியில் வேர்த்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கக் கேட்டாள். எதிர்வீட்டுக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்; ஒரு தறி தடக்கென்றது. அப்புறம் இன்னொன்று. நான் அழுதுவிட்டேன். வாத்தியார்கள் அழுவதில்லை என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா முகம் செக்கச் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாமியார் அதே செம்பை அலம்பி நிறைத்து அவரிடம் நீட்டினாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு நான் பழக்கிய மாதிரியே முகத்தை அண்ணாந்து செம்பைத் தூக்கினார்.

மாமியார் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "இன்னாத்துக்கும்மா கஷ்டப்படறே? வாய வெச்சுக் குடி. ஒண்ணும் ஆவாது."

டாக்டரம்மா வாய் வைத்துக் குடித்தார். மூச்சு விடாமல், செம்பு காலியாகும் வரை. அப்படியும் கொஞ்ச நேரம் செம்பைக் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டாளே இந்த அம்மாள் என்று எனக்கு வருத்தம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைக் கொல்லைக் கிணற்றடியில் உடுத்திய பாவாடையோடு உட்காரவைத்துக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதைதான். ஒரு மாதம் மென்றாள். அப்பா மட்டும், "என்னால் மூன்று மாதத்தில் முடியாததை என் பெண் ஒரு பிழையால் முடித்துவிட்டாள்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அது உண்மைதான். அந்தப் பெண் பிழைத்து எழுந்தாள். ஆடி முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத அளவுக்குக் கூட்டம்.

டாக்டரம்மா என்னைக் கோபிக்கவே இல்லை. அடுத்த பாடத்துக்கு வழக்கம்போல வந்தார். அதன் பிறகு நான் ஒன்று கவனித்தேன். கடையில், சாயபுவிடம், ஆஸ்பத்திரியில், பிள்ளையார்பாளையத்தில், எங்கும் அவர் 'தண்ணி' என்றுதான் கேட்டார். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் செம்பை நீட்டினார்கள் என்று சாயபு சொல்வார். எங்கள் ரேழியில் மட்டும் 'தீர்த்தம்' என்று கேட்பார். எந்த வீட்டில் எந்த வார்த்தை என்று இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாரே என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அத்தை எட்ட நின்று ஊற்றுவாள். டாக்டரம்மா மாடத்து டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து, இப்போது ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடிப்பார். குடித்துவிட்டு டம்ளரைத் தாமே மாடத்தில் வைப்பார். ரேழிக்கு அப்பால் எங்கள் கூடத்தை ஒருமுறை பார்ப்பார். என் மாணவி கடைசியில் தேறிவிட்டாள் என்று நான் கைதட்டுவேன்.