நூற்றுக்கு மேலே போன கேத்தில்

மூன்று வருடங்களுக்கு முன்னர், டென்மார்க்கில், ஹேர்னிங்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் இது தொடங்கியது. அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கொட்டாவி வருகிறது. காலையில் முதியோர் இல்லத்தில் வேலை, பின்னேரம் வீட்டில் பௌதிக ரீச்சர். இரண்டாவது வேலைக்கு என்னிடம் ஒரு தகுதியும் இருக்கவில்லை. மன்னாரில் உயர்தரம் படித்தபோது நான் கலைப்பிரிவு. பௌதிகம் படித்த பிள்ளைகளின் வகுப்புப் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை.

மகள் உயர்தர வகுப்பின் இரண்டாம் வருடத்தில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தாள். சோம்பலால் இல்லை. வகுப்பறைக் கதவைக் கண்டாலே அவளுக்கு மூச்சு முட்டும், கை நடுங்கும். வைத்தியம் ஒரு பக்கம் நடந்தது. கொஞ்சம் தேறியதும், வீட்டிலிருந்து படித்துத் தனிப் பரீட்சார்த்தியாகத் தோற்றலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மற்றப் பாடங்களை அவளே சமாளித்தாள். பௌதிகம் மட்டும் மலைபோல நின்றது. அதில் சித்தியடையாவிட்டால் சான்றிதழ் இல்லை. அதைவிட, இன்னொரு முறையும் முடியாமல் போனால் பிள்ளை அறைக்குள்ளேயே இருந்துவிடுவாள் என்பதுதான் என் பயம். தகப்பனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் தூக்கம். ஆகவே புத்தகத்தை நான் தூக்கினேன்.

எனக்குத் தெரிந்த படிப்பித்தல் முறை ஒன்றே ஒன்று, செபமாலை. எங்கள் வீட்டில் ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லுவோம். டெனிஷ் புத்தகத்தில் இருந்த விதிகளையும் அப்படியே ஆக்கிவிட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே சக்தியைப் பற்றிய வசனத்தின் முன்பாதியை நான் சொல்லுவேன். சக்தியை அழிக்க முடியாது, மாற்றத்தான் முடியும் என்று அவள் முடிப்பாள். எனக்கும் விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கவில்லை. ஆனால் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடியது. குருடருக்குக் குருடர் வழிகாட்டினால் என்ன நடக்கும் என்று கோவில் பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன்!

சில பரிசோதனைகளை வீட்டில் செய்து எழுதிக்கொண்டு வரலாம் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருந்தார். அதில் ஒன்று தண்ணீர் சூடாக்கும் கேத்தில். ஒரு லீற்றர் குளிர்தண்ணீரை ஊற்றி, இளஞ்சூடு வந்ததும் நிறுத்தவேண்டும். கேத்தில் எடுத்த மின்சாரம் எவ்வளவு, அதில் தண்ணீருக்குப் போன சூடு எவ்வளவு என்று பார்க்கவேண்டும். மின்சாரத்தை அளக்கிற மீற்றரை ஆசிரியை கொடுத்துவிட்டார். வெப்பமானி, நாங்கள் நத்தார்ப் பண்டிகைக்கு இறைச்சி வாட்ட வைத்திருந்தது. அன்று வேலையால் வந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். குளிர்தண்ணீரின் சூட்டை ஊற்றுவதற்கு முன்னர் அளந்தோம், நிறுத்தியதும் கேத்திலுக்குள் அளந்தோம், கணக்குப் பார்த்தோம். விடை நூற்றுப் பதினான்கு வீதம் வந்தது.

எனக்குப் பெரிய சந்தோஷம்.

"அம்மா, நூறுக்கு மேல வராது. வரவே ஏலாது."

"ஏன் வராது? அப்பா மலிவு விற்பனையில வாங்கினாலும் நல்ல சாமான்தானே."

அவள் என்னைப் பார்த்த பார்வை! திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தாள். பதினான்கு அசையவில்லை. கடைசியில் பேனையை எறிந்தாள்.

"உங்களுக்கும் விளங்கேல்லை, எனக்கும் விளங்கேல்லை. நான் சோதினைக்குப் போகேல்லை."

அறைக் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. நான் வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அழுகை வரவில்லை. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டுமே.

அதற்குப் பிறகும் செபமாலை தொடர்ந்தது, இரண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லாமல். பரீட்சை நாள் காலையில் அவள் காரில் ஏறுவதற்கு ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நீங்களும் உள்ளுக்கு வந்து இருக்கிறதெண்டால் வாறன்."

இந்த நாட்டில் வாய்மொழிப் பரீட்சையை யாரும் உள்ளே போயிருந்து பார்க்கலாம். வாய் மட்டும் திறக்கக் கூடாது. மூலையில் ஒரு கதிரையில் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியையும், வேறு ஊரிலிருந்து வந்த ஒரு வயதான பெண் பரீட்சகரும் இருந்தார்கள். மகள் கேள்விக்கான சீட்டை இழுத்தாள். கேத்தில் பரிசோதனை!

தொடக்கம் பரவாயில்லை. விடையையும் மறைக்காமல் சொன்னாள். ஏன் நூற்றைத் தாண்டியது என்று ஆசிரியை கேட்டார். அவ்வளவுதான், மகள் நின்றுவிட்டாள். கை நடுங்கத் தொடங்கியது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் விடை தேடவில்லை. நான் முன்பாதியைச் சொல்லுவேன் என்று காத்திருந்தாள். நானல்லவா அப்படிப் பழக்கினேன்!

அந்த வயதான பெண் பேனையைக் கீழே வைத்தார். அவசரமே இல்லை என்றார். விதியை விட்டுவிடு, அன்று உங்கள் சமையலறையில் என்ன நடந்தது, முதலில் இருந்து எனக்குச் சொல்லு என்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கதை கேட்பதுபோலக் கேட்டார்.

"அம்மா வேலையால் வந்தார்," என்று மகள் டெனிஷில் தொடங்கினாள். "தேநீர் போட்டார்…"

அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. நான் கொதித்த தண்ணீரை வெளியே ஊற்றுகிற ஆள் இல்லை. இன்னொரு தேநீருக்கு உதவுமே என்று கேத்திலிலேயே விட்டுவிடுவேன். அதன்மேல்தான் அந்த ஒரு லீற்றரையும் ஊற்றினோம். சொல் என் நுனிநாக்கில் நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பாரமான ஒன்றை நான் தூக்கியதில்லை.

தேநீர் என்று மகள் தனக்குள் இன்னொரு முறை சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். கேத்திலில் சுடுதண்ணீர் மிச்சம் இருந்தது என்றாள். அதிலிருந்த சூடு மீற்றருக்குத் தெரியாது, குளிர்தண்ணீர் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டது என்று, புத்தகத்தில் இல்லாத சொற்களில், தடுக்கித் தடுக்கிச் சொன்னாள். எங்கிருந்தோ ஒரு சூடு வராமல் அந்தப் பதினான்கு வந்திருக்காது என்றாள். இவ்வளவு நாளும் வெங்காயத்தோடு சேர்த்து நாங்கள் ஓதிய வசனம் எனக்கும் அப்போதுதான் விளங்கியது. இரண்டு பெண்களும் சிரித்தார்கள். கை நடுக்கம் எப்போது நின்றதென்று அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

எங்களை வெளியே அனுப்பி, பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். ஏழு. ஊரில் ஏழு என்றால் வெளியே சொல்ல முடியாது. இங்கே பன்னிரண்டுதான் உச்சம், ஏழு நல்ல பெறுபேறு. காரில் நான் அழுதேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "இனியாவது கேத்திலைக் கவிட்டு வையுங்கோ," என்றாள்.

கேத்திலில் தண்ணீரை மிச்சம் விடுகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அவள் ஏதாவது சொல்ல வந்து இடையில் நிற்கும்போதெல்லாம், என் வாய்வரை வந்த முன்பாதியை விழுங்கிவிட்டுக் காத்திருக்கிறேன். கொஞ்சம் சுணங்கினாலும், அவளே தொடங்கி அவளே முடிக்கிறாள்.