கடதாசியில் இருந்த இரண்டு பெயர்கள்

பெற்றோல் வரிசையில் ஊரே வெயிலில் காய்ந்ததே, அதற்கு இரண்டு வருஷம் கழித்து மாரி தொடங்கிய நேரம், நஸீரா மிஸ் மௌத்தான செய்தி கிண்ணியாவிலிருந்து வந்தது. நான் பாலம் கடந்து போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அவரிடம் உயிரியல் படித்தவர்கள் முற்றம் நிறைய நின்றார்கள். நான் கையெழுத்துப் போடவும் தெரியாதவன். ஆனாலும் நானும் அவரிடம் படித்தவன்தான்.

நான் அவரைச் சந்தித்தது, சண்டை நிறுத்திச் சமாதானம் பேசிய வருஷம். சீனன்குடாவில் எண்ணெய் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டிகளான குதங்களில் வால்வு திறந்து பூட்டுவது என் வேலை. நாலு வயது மகளுக்குத் தலசீமியா, மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மனைவி பரமேசின் வழியில் வந்த கூடாத இரத்தம் என்று சண்டை பிடித்து, பிள்ளையை வைத்துக்கொண்டு அவளைச் சம்பூருக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் எங்கள் இருவரின் இரத்தத்தையும் சோதித்த கடதாசி வந்தது. அதில் அவள் பெயர்தான் இருக்கும் என்று நம்பி, அதை அவளுடைய தமையன்மாருக்கு முன்னால் வாசிக்க வைக்க வேண்டும் என்று பிள்ளையோடு புறப்பட்டேன்.

அப்போது கிண்ணியாவில் பாலம் இல்லை. பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைத்தான் 'பாதை' என்போம். பாதையில் பக்கத்தில் நின்ற ரீச்சர்தான் நஸீரா மிஸ்; அவரிடம் கடதாசியைக் காட்டினேன்.

"அண்ணன், இதில குறை உள்ள ஆக்கள் எண்டு ரெண்டு பேற்ற பேரும் இருக்கு," என்றார்.

மெஷின் பிழை என்றேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"குதத்தில நிக்கிற ஆளுக்கு இது விளங்காதா? உடம்பில ஒவ்வொரு கலத்திலயும் எல்லாக் குதமும் இருக்கு. கண்ணுக்கு ஒரு வால்வு திறக்கும், ஈரலுக்கு வேற. மிச்சம் பூட்டு. எல்லாம் சோடி சோடியா, தாயிட்ட ஒண்டு, தகப்பனிட்ட ஒண்டு. உங்க ரெண்டு பேரிலயும் இரத்தத்துக்கான சோடியில ஒண்டு நல்லது, ஒண்டு ஓட்டை. பிள்ளைக்கு ரெண்டு ஓட்டையும் வந்திட்டு."

வயிற்றுக்குள் இருக்கும்போது இரத்தத்துக்கு வேறொரு குதம் திறந்திருக்கும், பிறந்த பிறகு அது பூட்டுப்படும், பிள்ளைக்கு அது இன்னும் நல்லபடி கிடக்கிறது என்றும் சொன்னார்.

"அப்ப அதைத் திறந்தா என்ன மிஸ்?"

"அதைத்தான் உலகமே தேடுது," என்றார்.

சம்பூரில் தமையன்மாரைக் கூப்பிடவில்லை. பரமேஸ் கடதாசியை வாங்கி அவளே வாசித்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியும்தானே. முதலே என்னட்டத் தந்திருக்கலாம்," என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் இறந்து ஐந்து வருஷமாகிறது.

அன்றிலிருந்து தொடர்பை விடாத மிஸ், போன வருஷம் படுக்கையில் கிடந்தபடி போனில் சொன்னார்: "அண்ணன், திறந்திட்டாங்கள். என்புமச்சைக் கலத்தை வெளியில எடுத்து, பூட்டி வைக்கிற இடத்தை வெட்டிப்போட்டுத் திரும்ப ஏத்துறாங்கள். எங்கட கரைக்கு இன்னும் வரயில்ல. வரும்." அவர் குரல் இளைத்திருந்தது.

கடதாசி அலுமாரியில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது, எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவேன். இன்னும் மாதாமாதம் இரத்தம் ஏற்றத்தான் போகிறோம். அன்று பாதையில் நின்ற எங்கள் மூவரில், என்னை விட்டால், உயிரோடு இருப்பது ஒருத்திதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள், என் மகள் சுகந்தி.